ஸ்லர்ம்ல ஜாப் நகரமாட்டேங்குதா? கேன்சல் பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கிளஸ்டர்ல, அதாவது நிறைய மெஷினைச் சேர்த்து எல்லாரும் பங்கு போட்டுக்கிற இடத்துல, அக்கவுன்ட் கிடைச்ச முதல் வாரம் நான் பண்ணினது இதுதான்: ஜாப் (அங்க ஓட்டச் சொல்லிக் குடுக்கற வேலை) போடுவேன், பத்து நிமிஷம் பார்ப்பேன், ஓடலையா, கேன்சல் பண்ணிட்டு திரும்பப் போடுவேன், சாயங்காலம் வரைக்கும் இதே பொழப்பு. பக்கத்து சீட் அக்கா பார்த்துட்டு, "ஏன்டா, ரேஷன் கடை வரிசைல பாதி தூரம் வந்துட்டு மறுபடி மறுபடி கடைசில போய் நிக்கிற?"ன்னு கேட்டாங்க. நிறைய கிளஸ்டர்ல ஜாப் காத்திருக்க காத்திருக்க அதோட பிரையாரிட்டி ஏறும்படி செட் பண்ணியிருப்பாங்க, நம்ம கேன்சல் பண்ணா அதுவரை காத்திருந்தது மொத்தமும் போச்சு.

ஸ்லர்ம்ங்கிறது அமெரிக்காவோட லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துல ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். நூத்துக்கணக்கான மெஷின்ல எது காலியா இருக்கு, யாரோட ஜாப் அடுத்து போகணும்னு அதுதான் முடிவு பண்ணும். ஸ்லர்ம் கமாண்டை எல்லாம் உச்சரிப்புலதான் எழுதறேன், டைப் பண்றப்போ முன்னாடி சின்ன எஸ், ஒட்டி அடுத்த வார்த்தை, நடுவுல ஸ்பேஸ் விட்டுடாதீங்க.

ஸ்டெப் 1: க்யூவைப் பாருங்க

எஸ்பேட்ச் போட்டு ஸ்கிரிப்ட் பேரைக் குடுத்தா ஒரு ஜாப் நம்பர் வரும், அதைக் குறிச்சு வெச்சுக்கோங்க, இனி எல்லாத்துக்கும் அதுதான் டோக்கன். அப்புறம் எஸ்க்யூ (எஸ், ஒட்டி க்யூங்கிற இங்கிலீஷ் வார்த்தை முழுசா), ஹைஃபன் யூ, உங்க யூசர்நேம். ஒரு வரி வரும், ஒண்ணு ரெண்டு விவரத்தை விட்டுட்டு சுருக்கமா போடறேன்:

48213 டிரெயின்1 பிடி 0:00 1 பிரையாரிட்டி

பிடின்னா பெண்டிங். ஆர்னு இருந்தா ஓடிட்டிருக்கு, சிஜின்னா முடிஞ்சு துடைச்சிட்டிருக்கு. ஆனா புதுசா வர்றவங்க எல்லாரும் இந்த பிடியை மட்டும் பார்த்துட்டு பதறுவாங்க, வரியோட கடைசில இருக்க காரணத்தை யாரும் படிக்கறதே இல்ல.

ஸ்டெப் 2: காரணத்தைப் படிங்க

பிரையாரிட்டின்னு இருந்தா உங்களுக்கு முன்னாடி ஆள் இருக்காங்க, டீ குடிச்சிட்டு வாங்க. ரிசோர்சஸ்னு இருந்தா உங்க முறை கிட்டத்தட்ட வந்தாச்சு, கேட்ட அளவு நோடு (கிளஸ்டர்ல இருக்க ஒவ்வொரு மெஷினும் ஒரு நோடு) காலியாகணும், அவ்ளோதான். காரணத்தோட பேர் க்யூஓஎஸ் இல்லன்னா அசோக்னு (ஏ, எஸ், எஸ், ஓ, சி) ஆரம்பிச்சு லிமிட்னு முடிஞ்சா பெரும்பாலும் உங்களுக்கோ உங்க குரூப்புக்கோ இருக்க அளவு முடிஞ்சிருச்சு, ஓடிட்டிருக்கிறது முடியணும். இந்த மூணுக்குமே பொதுவா கேன்சல் பண்ணி பிரயோஜனம் இல்ல.

நிஜமாவே கேன்சல் பண்ண வேண்டியது டிபென்டென்சி நெவர் சாட்டிஸ்ஃபைட். முன்னாடி ஜாப் ஜெயிச்சாதான் இது ஓடணும்னு சொல்லியிருப்பீங்க, அது ஃபெயில் ஆயிருக்கும், இது ஓடவே ஓடாம அப்படியே கிடக்கும். எஸ்கேன்சல் போட்டு ஜாப் நம்பர் குடுங்க, சோலி முடிஞ்சது. எஸ்கேன்சல் ஹைஃபன் யூ போட்டா உங்களோட மொத்த ஜாபும் போயிடும், ஜாக்கிரதை.

எப்போ ஆரம்பிக்கும்னு எஸ்க்யூ கூட ரெண்டு ஹைஃபன் ஸ்டார்ட் சேர்த்து கேட்கலாம், ஒரு நேரம் காட்டும், ஆனா நம்ம ஊர் டவுன் பஸ் டைம் மாதிரி நம்பிக்கோங்க, முன்ன பின்ன ஆகும்.

ஸ்டெப் 3: நேரத்தை சரியா கேளுங்க

இதுல நான் நல்லா அடி வாங்கியிருக்கேன். 12 மணி நேரம்னு நெனைச்சு ஸ்கிரிப்ட்ல டைம் கேக்கற வரில 12:00ன்னு எழுதினேன். வெள்ளிக்கிழமை ராத்திரி போட்டுட்டு ஊருக்குப் போயிட்டேன், திங்கட்கிழமை வந்து பார்த்தா டைம்அவுட், ஓடினது வெறும் 12 நிமிஷம். ஸ்லர்ம்ல ரெண்டு நம்பர் மட்டும் குடுத்தா அது நிமிஷம், செகண்ட். மணி நேரம் வேணும்னா 12:00:00. வெறும் 10ன்னு போட்டா 10 நிமிஷம்.

அதுக்குன்னு பயந்துபோய் எல்லாத்துக்கும் 3 நாள் கேட்காதீங்க. பெரிய ஜாபுக்கு இடம் சேர்ற வரைக்கும் நடுவுல இருக்க இடைவெளியில சின்ன ஜாபை சொருகிவிடும், அதுக்குப் பேர் பேக்ஃபில். 2 மணி நேர வேலைக்கு 2 சொச்சம் கேட்டா அந்த சந்துல நுழைஞ்சிடலாம். பெண்டிங்ல இருக்கிறப்பவே எஸ்கன்ட்ரோல் அப்டேட் வெச்சு டைம் லிமிட்டைக் குறைக்கலாம், கூட்டணும்னா அட்மின்கிட்டதான் போகணும்.

ஸ்டெப் 4: செத்துப்போன ஜாபுக்கு போஸ்ட்மார்ட்டம்

முடிஞ்சதும் எஸ்க்யூல இருந்து ஜாப் மறைஞ்சிடும். அப்போ எஸ்அக்ட், அதாவது எஸ், ஏ, சி, சி, டி. கூட ஹைஃபன் ஜே, ஜாப் நம்பர், ஃபார்மேட்ல ஜாப்ஐடி, ஸ்டேட், எலாப்ஸ்ட், மேக்ஸ்ஆர்எஸ்எஸ் (அதிகபட்சமா எடுத்த மெமரி), எக்ஸிட்கோட் கேளுங்க. ஒரே ஜாபுக்கு ரெண்டு மூணு வரி வரும், மெமரி கணக்கு பெரும்பாலும் பேட்ச்னு முடியற வரில இருக்கும்.

அவுட் ஆஃப் மெமரின்னு வந்தா பேர்லயே பதில் இருக்கு. மேக்ஸ்ஆர்எஸ்எஸ்ல 13107200கேன்னு காட்டினா 1024ஆல ரெண்டு தடவை வகுங்க, 12.5 ஜிபி. நல்லபடியா முடிஞ்ச ஜாபுன்னா அடுத்த தடவை 15 ஜிபி கேட்டா போதும். ஆனா ஸ்லர்ம் இதை விட்டு விட்டுத்தான் அளக்குது, திடீர்னு எகிறி செத்திருந்தா கணக்குல கம்மியா காட்டும், அப்படி செத்த ஜாபுக்கு அந்த நம்பரை நம்பாம தாராளமா கூட்டிக் கேளுங்க. இன்னொண்ணு, மெமரி கேக்கற வரில மெம் 16ன்னு மட்டும் எழுதினா அது 16 எம்பி! பக்கத்துல ஜி போடணும்.

ஒரு செகண்டுல ஃபெயில் ஆகுது, லாக் ஃபைலும் இல்ல, இது இன்னொரு கேஸ். அவுட்புட்டை லாக்ஸ்ங்கிற ஃபோல்டருக்குள்ள எழுதச் சொல்லியிருப்பீங்க, அந்த ஃபோல்டரை உருவாக்கியிருக்க மாட்டீங்க. ஸ்லர்ம் அதை உங்களுக்காக உருவாக்காது. ஃபோல்டர் உருவாக்கற எம்கேடிர் கமாண்டு ஒண்ணு போட்டா சரியாயிடும், நான் இதுக்கு அரை நாள் என் புரோகிராமைத் திட்டிட்டிருந்தேன்.

டைம், மெம் எல்லாம் கேக்கற ஹேஷ் எஸ்பேட்ச் வரிகளை (இங்க மட்டும் எஸ்பேட்ச் முழுசும் பெரிய எழுத்து) ஸ்கிரிப்டோட தலைலயே வைங்க. முதல் கமாண்டுக்கு அப்புறம் எழுதினா எர்ரர்கூட வராது, சத்தமில்லாம கண்டுக்காம விட்டுடும்.

அட்மினுக்கு எப்போ மெயில் போடலாம்

சிஜிலயே மணிக்கணக்கா நின்னா, இல்ல எஸ்இன்ஃபோ போட்டு உங்களுக்கு வேண்டிய நோடெல்லாம் டிரெயின் (புது ஜாப் எடுக்காது), டவுன் (படுத்துடுச்சு)னு காட்டினா, தப்பு உங்க மேல இல்ல. மெயில்ல ஜாப் நம்பர், காரணம், ஸ்கிரிப்ட் இருக்க இடம் மூணையும் டெக்ஸ்டா காப்பி பண்ணி போடுங்க. மொபைல்ல ஸ்கிரீனை சாய்ச்சு போட்டோ எடுத்து "சார் ஓடல"ன்னு அனுப்பினா அவங்களும் உங்களை பெண்டிங்லதான் வெப்பாங்க.