பெண்கள் சாலை சைக்கிள் பந்தயம்: முதல் பருவத்தில் பழக வேண்டியவை

சாலைப் பந்தயத்தில் புதிதாக இறங்கும் பெண்கள் பெரும்பாலும் கால் வலுவைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் தொடக்கப் பந்தயங்களில் அவர்களைப் பின்தங்கச் செய்வது பெரும்பாலும் கூட்டத்துக்குள் ஓட்டத் தெரியாமையே. ஆகவே முதல் பருவத்தில் வெற்றியை எண்ணாமல், கடைசிச் சுற்றுவரை கூட்டத்தை விட்டுப் பிரியாதிருக்கப் பழகுங்கள். நியூயார்க்கில் முதலீட்டுத் துறையில் பணியாற்றிய கிறிஸ்டன் ஃபால்க்னர், 2017-இல் சென்ட்ரல் பார்க்கில் பெண்களுக்கென நடந்த தொடக்கநிலைப் பயிற்சியில் சேர்ந்துதான் இதைக் கற்கத் தொடங்கினார். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்றார். அருகில் அத்தகைய பயிற்சி நடந்தால், பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் முன்பே அதில் சேர்ந்துவிடுங்கள்.

முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் காற்றின் எதிர்ப்பு வெகுவாகக் குறையும். சமதரையில் வேகமாகச் செல்லும்போது உழைப்பில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும். நான்கைந்து பேருடன் சேர்ந்து, ஒரு மீட்டர் இடைவெளியில் தொடங்கி, அதைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பழகுங்கள். பார்வை முன்சக்கரத்திலேயே நிலைத்துவிடாமல், முன்னிருப்பவரின் தோளைத் தாண்டி, அவருக்கும் முன்னால் நடப்பதைக் கவனிக்க வேண்டும். உங்கள் முன்சக்கரத்தை அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையவிடாதீர்கள். அவர் கையளவு விலகினாலும் இரண்டும் உரசும், உரசினால் விழுபவர் பெரும்பாலும் பின்னால் வருபவரே. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும் கணத்தில் சைக்கிள் சற்றே பின்வாங்கும் என்பதால், மிதியை அழுத்திக்கொண்டே எழுவதையும் பயிற்சியிலேயே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பெண்கள் பந்தயங்களில் ஒரு சிக்கல் அடிக்கடி எழுகிறது. பதிவு குறைவாக இருக்குமிடங்களில் பல பிரிவினரையும் ஒன்றாகப் புறப்பட வைத்துவிடுவதால், முதல்முறை வருபவரும் பல்லாண்டு அனுபவமுள்ளவரும் ஒரே கோட்டில் நிற்க நேர்கிறது. புதியவர்களுக்கென்று தனிப் புறப்பாடு இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. முதல் பந்தயத்திலேயே பத்தாவது நிமிடத்தில் தனித்து விடப்படும் பெண் மறுமுறை வரத் தயங்குவது இயல்பு. பதிவு செய்யும்போதே பிரிவுகள் சேர்த்து ஓட்டப்படுமா, முடிவுகள் தனித்தனியாக வெளியிடப்படுமா என்று கேட்டறியுங்கள். சேர்த்து ஓட்டுவதாயின் முதல் சில நிமிடங்களே மிகக் கடுமையாக இருக்கும் என்பதால், 20 நிமிடமாவது உடலைச் சூடேற்றிக்கொண்டு, புறப்படும் கோட்டில் முன்வரிசையில் இடம் பிடியுங்கள். கூட்டம் பிரிந்து பின்தங்க நேர்ந்தால் தனியாகத் துரத்தாமல், உங்களைப் போலவே பின்தங்கியவர்களுடன் சேர்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் முன்னால் சென்று ஓட்டுங்கள்.

வளைவுகளில் கூட்டத்தின் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள் இருப்பது நல்லது. முன்னால் செல்பவர்கள் லேசாக வேகம் குறைத்தால் கடைசியில் வருபவர்கள் ஏறக்குறைய நின்றுவிட நேரும். பிறகு ஒவ்வொரு வளைவிலும் பாய்ந்து துரத்தியே அவர்கள் களைத்துப்போவார்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே பிரேக் பிடித்து, உட்புறப் பெடலை மேலே வைத்து, நுழைந்த கோட்டிலேயே வெளிவர வேண்டும்.

பந்தய நாளில் இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக, பழகிய உணவையே உண்ணுங்கள். எண் அட்டையை ஜெர்சியில் காற்றில் படபடக்காதவாறு நான்கு மூலையிலும் ஊக்கு குத்திப் பொருத்துங்கள். எந்தப் பக்கம் என்பதை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேமித்த வலுவை எப்போது செலவிடுவது என்பதற்குப் பாரிஸ் பந்தயமே நல்ல பாடம். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் எஞ்சியிருந்தபோது, முன்னால் சென்ற இருவரை எட்டிப் பிடித்ததுமே, மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தயங்கிய நேரத்தில், ஃபால்க்னர் பாய்ந்து சென்று 58 விநாடி முந்தினார். கூட்டமாகவே முடிவை எட்டினால், கோட்டுக்கு 200 மீட்டருக்கு மேல் எஞ்சியிருக்கும்போதே பாய்ச்சலைத் தொடங்காதீர்கள். கோட்டைத் தொடும் கணத்தில் கைகளை நீட்டி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, சைக்கிளை முன்னே எறிவதுபோல் செலுத்துங்கள். பெண்களுக்கென ஒலிம்பிக்கில் முதன்முதலாக 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த சாலைப் பந்தயத்தில், கானி கார்ப்பென்டர் இப்படித்தான் ரெபேக்கா ட்விக்கை அரைச் சக்கரத்துக்கும் குறைவான தூரத்தில் முந்தினார். வாகனம் வராத சாலையில் சுண்ணாம்புக் கோடொன்று போட்டு, முதலில் மெதுவாகவும் பின்னர் முழு வேகத்திலும் இதைப் பழகுங்கள்.