அடிபட்ட பிறகு தோட்ட வேலைக்குத் திரும்புவது எப்படி?

மழைக்காலத்தில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைவதும், செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி காலில் பாய்வதும், ஃபாக்டரி ரோலரில் விரல் மாட்டுவதும் புதுசில்லை. மாவுக்கட்டு போடும் வரை எல்லோருக்கும் வழி தெரியும். அதற்கப்புறம் எப்போது, எந்த வேலைக்கு, எத்தனை மணி நேரத்துக்குத் திரும்புவது என்பதில்தான் குளறுபடி. தோட்டத்தைப் பொறுத்தவரை ஆள் முழு வேலைக்கு வருவார், இல்லாவிட்டால் வரவே மாட்டார். நடுவில் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் ஆஸ்பத்திரி. எப்படி அடிபட்டது என்று கேட்டால், இந்தத் தோட்டத்தில், இத்தனை மணிக்கு, வேலை செய்துகொண்டிருந்தபோது என்று அப்படியே சொல்லுங்கள். "வீட்ல விழுந்தேன்னு சொல்லிடும்மா, இல்லன்னா போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று கூட வந்த மேஸ்திரி காதில் ஓதுவார், கேட்காதீர்கள். பதிவேட்டில் ஒரு தரம் அப்படி ஏறிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்), எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, பில் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். வேலையில் பட்ட காயத்தின் சிகிச்சைச் செலவை முதலாளி தர வேண்டும் என்பது சட்டம், ஆனால் பில் இல்லாமல் எதை வைத்துக் கேட்பீர்கள்?

காசுக் கணக்கு தெரிந்தால்தான் பாதி ஆறின கையோடு வேலைக்கு ஓட மாட்டீர்கள். 1923ஆம் வருட இழப்பீட்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, கணக்கு பழையதுதான். தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு, அரை மாதத்துக்கு ஒரு முறை, மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் ஒவ்வொரு அரை மாதத்துக்கும் 3,000. முதல் 3 நாள் கழித்துவிடுவார்கள், ஆனால் 28 நாளோ அதற்கு மேலோ இழுத்தால் முதல் நாளிலிருந்தே உண்டு. நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: குறைந்த சம்பளத்தில் லேசான வேலைக்குத் திரும்பினாலும் இந்தப் பணம் அடியோடு நின்றுவிடாது, பழைய அரை மாதச் சம்பளத்துக்கும் இப்போதையதுக்கும் உள்ள வித்தியாசம் வரை வரும். 12,000 வாங்கியவர் இப்போது 9,000 வாங்குகிறார் என்றால் அரை மாதத்துக்கு 1,500 வரை கேட்கலாம். ஈ.எஸ்.ஐ. இருந்தால் வழியே வேறு, சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் அங்கிருந்தே வரும். தோட்டம் தர மறுத்தால் குன்னூரில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள், 2 வருடத்துக்குள் மனு கொடுத்தாக வேண்டும்.

மணிக்கட்டு முறிவுக்குப் பெரும்பாலும் 6 வாரம் போல மாவுக்கட்டு இருக்கும். அதுவரை கையைத் துண்டில் தொங்கவிட்டபடியே உட்கார்ந்திருந்தால் தோளும் பிடித்துக்கொள்ளும், ஆகவே விரல், முழங்கை, தோள் மூன்றையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தினமும் அசையுங்கள். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். காலில் கட்டு போட்டவருக்குக் கெண்டைக்கால் வீங்கி மூச்சு வாங்கினால் உடனே 108.

கட்டுப் பிரித்ததும் கை விறகுக் கட்டை மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து மெல்ல மடக்கி நீட்டி, அப்புறம் ஈரத்துணி பிழிவது, சப்பாத்தி மாவு பிசைவது என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு தரமும் பஸ் பிடித்து ஊட்டிக்கு அலைய முடியாதவர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுத்து வையுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். காலில் அடிபட்டவர்கள் முதலில் சமதளம், பிறகு படிக்கட்டு, ஏற்றம், கடைசியில்தான் இறக்கம். இறங்கும்போது தொடைத் தசைதான் உடம்பு மொத்தத்தையும் பிடித்து நிறுத்துகிறது, அது பலப்படாமல் சரிவில் இறங்கினால் மறுபடி விழுவீர்கள்.

இனி முக்கியமான காகிதம். டாக்டர் வழக்கமாக "லைட் வொர்க்" என்று இரண்டு வார்த்தை எழுதிக் கொடுப்பார். மேஸ்திரி கணக்கில் கொழுந்து பறிப்பதே லைட் வொர்க்தான்! அதனால் டாக்டர் பேனாவை எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லுங்கள்: சரிவில் நாள் முழுக்க நிற்க வேண்டும், பறித்த இலையை 20, 25 கிலோ மூட்டையாக எடை போடும் இடம் வரை சுமக்க வேண்டும், மருந்தடிக்கும் டேங்க் முதுகில் ஏறும். கேட்டுவிட்டு அவர் இப்படி எழுதினால் நல்லது: "4 வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. சரிவில் வேலை கூடாது. அரை நாள் மட்டும். உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாம். மறு பரிசோதனை இந்தத் தேதியில்." கிலோவும் வாரமும் அவர் உங்கள் காயத்தைப் பார்த்து முடிவு செய்வது. ஒரு காப்பியை ஆபீசில் கொடுத்து இன்னொன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். என்ன வேலை தருவது என்று இழுத்தால் நீங்களே சொல்லுங்கள்: நர்சரியில் மண் பை நிரப்புவது, எடைச் சீட்டு எழுதுவது, ஃபாக்டரியில் பேக்கிங். கவ்வாத்தும் மருந்தடிப்பும் எல்லாவற்றுக்கும் கடைசி.

சேர்ந்த முதல் வாரங்களில் அன்றன்றைய சாயங்கால வலியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், மறுநாள் காலையைப் பாருங்கள். தூங்கி எழுந்தும் வீக்கமும் வலியும் அப்படியே இருந்தால் முந்தின நாள் வேலை அதிகம். மார்கழி, தை உறைபனியில் எல்லா மூட்டும் கொஞ்சம் விறைக்கத்தான் செய்யும், அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விரல் போனவர்கள் கதை வேறு. சட்ட அட்டவணைப்படி கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுசும் போனால் 14 சதவீதம் சம்பாதிக்கும் திறன் இழப்பு. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது காகிதத்தை நீட்டினால், அது தொழிலாளர் துறையில் பதிவாகுமா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் நிரந்தரமாக வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு பிடி உண்டு. அரசு நிறுவனத்தில் பணியில் இருக்கும்போது ஊனம் வந்தவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, பழைய வேலை முடியாது என்றால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்கிறது 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். விண்ணப்பத்தில் பிரிவு 20 என்று எண்ணோடு எழுதிக் கொடுங்கள்.