'என் வரிப்பணத்தில் இலவசமா?' என்பவருக்கு எப்படிப் பதில் சொல்வது

முதலில் வரி யார் கட்டுகிறார்கள் என்பதைப் பேசுங்கள். வருமான வரி கட்டுபவர்தான் நாட்டுக்கே வரி கட்டுகிறார் என்ற நினைப்பில்தான் பாதிச் சண்டை ஆரம்பிக்கிறது. சோப்பு, செருப்பு, செல்போன் ரீசார்ஜ் எல்லாவற்றிலும் ஜிஎஸ்டி இருக்கிறது, பெட்ரோலில் அது இல்லாவிட்டாலும் கலால் வரியும் வாட் வரியும் இருக்கின்றன, கூலி வேலைக்குப் போகிறவரும் இதையெல்லாம் கட்டுகிறார், அதுவும் சம்பாதிப்பதை அப்படியே செலவழிக்க வேண்டிய நிலையில் இருப்பதால் வருமானத்தோடு ஒப்பிட்டால் அவருக்குத்தான் இந்தச் சுமை அதிகம்.

அப்புறம் மகளிர் உரிமைத்தொகை பேச்சு வரும். 2023 செப்டம்பரில் தொடங்கியபோதே மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு. வருடத்துக்கு 12,000 கோடியைத் தாண்டும். பெரிய தொகைதான், மழுப்பாதீர்கள். ஆனால் 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான அடிப்படை வரி 30 சதவீதத்திலிருந்து, மற்ற சலுகைகளை விட்டுக்கொடுத்தால் 22 சதவீதம் என்று குறைந்ததே, அதை ஏன் யாரும் இலவசம் என்று சொல்லவில்லை என்று கேளுங்கள். வரிச் சலுகைகளால் வராமல்போகும் வருவாயைக் காட்டும் இணைப்பு மத்திய பட்ஜெட்டின் வரவு ஆவணத்திலேயே இருக்கிறது. திறந்து காட்டுங்கள்.

மாநிலக் கடனைப் பற்றிக் கேட்டால் அந்தக் கவலை நியாயமானது, ஒப்புக்கொள்ளுங்கள். கூடவே, மத்திய அரசு வசூலிக்கும் செஸ், சர்சார்ஜ் என்ற கூடுதல் வரிகள் மாநிலங்களுக்கான வரிப் பகிர்வில் சேர்வதில்லை என்பதையும் சொல்லுங்கள்.

சரி, எதை வெட்டலாம்? சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம், இவற்றில் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்கட்டும், அங்கிருந்து பேச்சைத் தொடருங்கள்.