சுருட்டைத் தலைமயிர் சிலும்புவது எதனால்? வன்னியில் நாம் விடும் சில தவறுகள்

கிளிநொச்சியில் ஒரு பாடசாலை நாள் காலையில், என் தங்கை தன் மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்த சுருட்டைத் தலைமயிரில், பல் நெருங்கிய சீப்பை உச்சியில் வைத்து ஒரே இழுவையில் நுனிவரை கொண்டுவர அவள் முயன்றபோது, முடி நறுக்கென்று அறுபடும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிள்ளையின் வெள்ளைச் சட்டைத் தோளில் விழுந்து கிடந்த முடிகளை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை விரல் நீளம்கூட இல்லை. எதன் அடியிலும் வெள்ளைக் குமிழ் இல்லை. வேரோடு உதிர்ந்த முடியின் ஒரு முனையில் கடுகைவிடச் சிறிய ஒரு குமிழ் இருக்கும். அது இல்லையென்றால் முடி இடையில் முறிந்திருக்கிறது என்று பொருள். பிள்ளைக்கு முடி கொட்டுகிறதே என்று தங்கை மாதக்கணக்காகக் கவலைப்பட்டு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தாள். உண்மையில் ஒவ்வொரு நாளும் காலையில் அந்தச் சீப்புத்தான் முடியை முறித்துக்கொண்டிருந்தது.

எனக்கும் சுருட்டை முடிதான். சிறுவயதில் "பரட்டை" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் என்பதால், இந்த முடியை நேர்முடியைப் போல நடத்துவதே நம் தவறுகளில் பெரும்பாலானவற்றின் அடி என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு நெடுங்காலம் எடுத்தது. நேர்முடி ஒன்றைக் குறுக்கே வெட்டினால் வெட்டுமுகம் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். சுருட்டை முடியின் வெட்டுமுகம் நீள்வட்டமாகத் தட்டையாக இருக்கும். தோலுக்குள் மயிர்க்காலே வளைந்திருப்பதால் முடி வளைந்தே வெளியே வருகிறது. ஒவ்வொரு முடியின் மேற்புறமும் கிடுகு வேய்ந்த கூரையைப் போன்றது: மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. கூரையில் மூலை திரும்பும் இடத்தில் கிடுகு சற்றுத் தூக்கி நிற்பதைப் போலவே, முடி வளையும் ஒவ்வோர் இடத்திலும் செதில்கள் எளிதில் கிளம்புகின்றன. உச்சந்தலையில் சுரக்கும் இயற்கையான எண்ணெய்ப்பசை நேர்முடியில் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். சுருட்டையிலோ வளைவுகளைத் தாண்டி நுனிவரை அது போய்ச் சேருவதில்லை. ஆகவே தலை பிசுபிசுப்பாகவும் நுனி வைக்கோலாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

முடியின் உள்ளே இருக்கும் புரதத்தைப் பிடித்துவைக்கும் இணைப்புகளில் ஒரு பகுதி, தண்ணீர் பட்டால் அவிழ்ந்து காய்ந்தபின் மீண்டும் சேர்பவை. காற்றிலுள்ள ஈரமே இதற்குப் போதும். ஐப்பசியில் மாரி தொடங்கியதும் தலை பொங்கிக்கொண்டு நிற்பது இதனால்தான்: வரண்ட முடி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி ஊதுகிறது, ஒன்றாகச் சேர்ந்து சுருளாக நின்ற முடிகள் தனித்தனியே பிரிந்து ஒவ்வொன்றும் தன் போக்கில் வளைகிறது. வைகாசி முதல் ஆவணிவரை வீசும் சோளகக் காற்றில் நடப்பது வேறு. அது முடியிலிருக்கும் ஈரத்தைக் கொண்டுபோய்விடும், புழுதியையும் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டு பருவத்திலும் சிலும்பல் ஒன்றுபோலத் தெரிந்தாலும், முடி ஏற்கெனவே வரண்டும் செதில் கிளம்பியும் இருப்பதே இரண்டுக்கும் அடிப்படை.

காய்ந்த முடியைச் சீவுவது எல்லாத் தவறிலும் முதன்மையானது. சீப்பு சுருளைக் கலைத்து முடிகளைப் பிரிப்பதோடு, சிக்கு இருக்கும் இடத்தில் முறித்தும் விடுகிறது. ஈரமான முடி சீவக்கூடாது என்று நாம் கேட்டு வளர்ந்தது நேர்முடிக்குப் பொருந்தும் அறிவுரை. ஈரத்தில் முடி இழுபட்டு மெலியும் என்பது உண்மையே. ஆனால் சுருட்டை முடியில் சிக்கு எடுக்க, ஈரமும் வழுக்கலும் சேர்ந்த நேரமே பாதுகாப்பானது. முழுகும்போது கண்டிஷனர் பூசி, அது தலையில் இருக்கையிலேயே, முதலில் விரலாலும் பிறகு பல் அகன்ற சீப்பாலும், நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே வர வேண்டும். கண்டிஷனரிலுள்ள மூலக்கூறுகள் நேர்மின்னேற்றம் கொண்டவை. சேதமடைந்த முடியின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. அதனால் எங்கே முடி கெட்டிருக்கிறதோ அங்கேயே அது அதிகம் ஒட்டி, செதில்களைப் படியவைக்கிறது. வாங்க வசதியில்லாத வீட்டில் செவ்வரத்தை இலையைத் தண்ணீரில் கசக்கி எடுத்த வழுவழுப்பான சாறும், ஊறவைத்து அரைத்த வெந்தயமும் ஓரளவு இதே வழுக்கலைத் தருகின்றன. ஆனால் இரண்டையும் துணியால் நன்கு வடிக்க வேண்டும். வெந்தயத் துணுக்குகள் சுருளுக்குள் மாட்டிக்கொண்டால் அவற்றை எடுக்கப் போய்ப் பாதி முடியை இழப்பீர்கள். அடுத்த முழுக்குவரை சீப்பைத் தொட வேண்டாம். பாடசாலைக்கு இரட்டைப் பின்னல் கட்டாயம் என்றால், கையை நனைத்து முடியை ஈரப்படுத்தி, விரலால் வகிடு பிரித்துப் பின்னிவிடலாம். பேன் பிடித்த பிள்ளைக்கும் இதே வழிதான்: கண்டிஷனர் தோய்ந்த ஈரமுடியில் பேன் விரைந்து ஓட முடியாது, பேன் சீப்பும் தடையின்றி இறங்கும்.

அடுத்தது தண்ணீரும் சவர்க்காரமும். வீட்டுக் கேத்திலின் உள்ளே வெள்ளையாக ஓடு கட்டியிருந்தால், உங்கள் கிணற்றில் கல்சியமும் மக்னீசியமும் கூடிய வன்னீர் இருக்கிறது. வன்னியில் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் பாவிக்கும் வீடுகளில் இது அடிக்கடி காணும் காட்சி. இந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைப்பதற்கு முன் கல்சியத்தோடு சேர்ந்து கரையாத ஒரு படிவாக மாறுகிறது. வாளியின் உட்புறத்தில் வழவழப்பாக ஒட்டியிருக்கும் அதே சாம்பல்நிறப் படிவு முடியிலும் ஒட்டி, அதைச் சொரசொரப்பாக்கி மங்கவைக்கிறது. போதாததற்குச் சவர்க்காரம் காரத்தன்மை மிக்கது. அமிலப் பக்கம் சாய்ந்த முடியின் செதில்களை அது கிளப்பிவிடும். உடம்புக்குப் போடும் சவர்க்காரத்தாலேயே தலையையும் தேய்த்துவிட்டு வருவது ஆண்களிடம் மிகுதி, அவர்களது சுருட்டை முடியும் முடிதான். மென்மையான ஷாம்பூவை, வாரம் ஒரு முறை அல்லது இரு முறை, தலைத்தோலில் மட்டும் தேய்த்தால் போதும். வழியும் நுரையே நுனியைக் கழுவிவிடும். வயலில் வேலை செய்து நாளும் வியர்ப்பவர்கள், இடைநாட்களில் வெறும் தண்ணீரும் சிறிது கண்டிஷனரும் கொண்டு அலசலாம்.

கடைசி அலசலுக்கு, ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு அல்லது வினாகிரி கலந்து ஊற்றிப் பிறகு ஒரு செம்பு வெறும் தண்ணீர் விட்டால், சவர்க்காரப் படிவு தளர்ந்து முடி படியும். தேசிக்காயை அரிந்து அப்படியே தலையில் தேய்த்துவிட்டு வெயிலில் நிற்பது கூடாது; அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும் கருந்தழும்பும் வரலாம். மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைப்பவர்கள் வித்தியாசத்தை ஒரே முழுக்கில் உணரலாம், ஏனெனில் மழைநீர் மென்னீர். முதல் மழையின் தண்ணீர் கூரைப் புழுதியோடு வரும். அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள்.

எண்ணெய் பற்றி நமக்குள் ஒரு தவறான நம்பிக்கை ஆழமாக இருக்கிறது: வரண்ட முடிக்கு எண்ணெய் வைத்தால் வரட்சி போய்விடும் என்பது. எண்ணெயில் ஈரம் இல்லை. அது இருக்கும் ஈரத்தைக் காக்கும், இல்லாத ஈரத்தைத் தராது. ஆகவே காய்ந்து சிலும்பிய முடிமேல் எண்ணெய் வார்த்தால் பிசுபிசுத்த சிலும்பலே மிஞ்சும், சோளகக் காற்றில் புழுதியும் வந்து ஒட்டும். தேங்காய் எண்ணெயின் உண்மையான பயன் முழுகுவதற்கு முன்னால்தான். அதிலுள்ள லோரிக் அமிலம் முடியின் உள்ளே ஊடுருவக்கூடியது. கழுவும்போது முடி இழக்கும் புரதத்தை அது குறைக்கிறது என்று மும்பையில் செய்யப்பட்டு 2003 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதைச் செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றின் ஆய்வுகூடம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அந்த ஒப்பீட்டில் அதே பயனைத் தரவில்லை. முழுகுவதற்கு ஓரிரு மணிநேரம் முன்பு நுனிப் பகுதிக்குப் பூசுங்கள். முழுகிய பின் வேண்டுமென்றால், ஈரம் இருக்கும்போதே இரண்டு மூன்று துளியை உள்ளங்கையில் தேய்த்துத் தடவினால் போதும். பொடுகு இருக்கும் தலைத்தோலில் எண்ணெய் ஊறவைக்க வேண்டாம். பொடுகோடு தொடர்புள்ள பூஞ்சைக்குக் கொழுப்பே உணவு.

துவாயால் தலையைப் பரபரவென்று துவட்டுவது, கிடுகை எதிர்த்திசையில் தேய்ப்பதற்குச் சமம். பழைய பருத்தி ரீசேட் ஒன்றால் முடியை நுனியிலிருந்து மேல்நோக்கி அள்ளி அழுத்தி ஈரம் எடுத்தால் சுருள் கலையாது. காயும்வரை கையைத் தலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போடுவதும், ஈரத்தலையோடு படுப்பதும் வேண்டாம். பின்னலை நெற்றித்தோல் இழுபடும் அளவுக்கு இறுக்குவதை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நெற்றியோர முடி நிரந்தரமாகப் போய்விடலாம்.

முடியை நேராக்கும் இரசாயனச் சிகிச்சையைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் தங்கையின் கலியாணத்துக்கு முன் ஓர் அழகுகலை நிலையத்தில் அதைச் செய்துகொண்டேன். இரும்பு சூடேறியபோது எழுந்த புகையில் கண் எரிந்து இருமல் வந்தது. இது வழமையானது என்றார்கள். 'கெரட்டின்' என்ற பெயரில் வரும் இத்தகைய கரைசல்கள் பலவற்றில், சூட்டில் போமல்டிஹைட் வாயு வெளியாகிறது. அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வகைப்படுத்தியது. வேலை செய்யும் பெண்பிள்ளைகள் அதை நாள்முழுதும் சுவாசிக்கிறார்கள் என்பதே என்னை அதிகம் வருத்துகிறது. மயிர்க்காலின் வளைவை எந்தக் கரைசலும் மாற்றாது. மாதம் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளரும் புதுமுடி சுருண்டே வந்தது. சுருளும் நேரும் சந்தித்த இடத்தில் முடி முறியத் தொடங்கியது. மறைக்கத் தினமும் சூட்டு இரும்பு பிடித்திருந்தால் மிச்சமும் போயிருக்கும். அதற்குப் பதிலாக இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நேரான நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். ஒன்றரை வருடம் முடிந்தபோது முடி தோளுக்குக்கூட எட்டவில்லை, ஆனால் முழுவதும் சுருளாக இருந்தது. நனைந்தால் தோளைத் தொடும், காய்ந்தால் காதோரம் ஏறிவிடும்.