மாவுக்கட்டு பிரித்த பிறகும் மணிக்கட்டு மடங்கவில்லையா?

மாவுக்கட்டு பிரித்ததும் பலர் முதலில் வாங்குவது ரப்பர் பந்து. அதை நாள் முழுக்க அமுக்கினால் பிடி கொஞ்சம் வலுக்கும், மணிக்கட்டு மடங்காது. ஆறு வாரம் அசையாமல் இருந்ததில் மூட்டு உறை சுருங்கியிருக்கும், தசைநாண்கள் பக்கத்துத் திசுவோடு ஒட்டியிருக்கும். முதலில் தளர்வு, பிறகுதான் வலு.

எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொன்ன பிறகே தொடங்குங்கள். புதுச்சேரி ஜிப்மரிலோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ கட்டு பிரித்துக்கொள்பவர்கள், அன்றே பிசியோதெரபி பற்றியும் கேட்டுவிடுவது நல்லது.

1. அளவு: உள்ளங்கை கீழே பார்க்க முன்கையை மேசையில் வைத்து, கையை மட்டும் விளிம்புக்கு வெளியே விடுங்கள். பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸ் கோணமானி போதும். இயல்பாக மேல்நோக்கி 70 பாகை, கீழ்நோக்கி 80 வரை போகும். அன்றாட வேலைக்கு இரு பக்கமும் 40 இருந்தால் சமாளிக்கலாம். வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள்; தினமும் அளந்தால் மனசுதான் நோகும்.

2. சூடு: பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் 10 நிமிடம். சூட்டை நல்ல கையால் பாருங்கள். வீக்கம் இருந்தால் இதை விட்டுவிட்டு, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். பீச் ரோட்டில் கையைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் நடந்தால் விரல்கள் வீங்கத்தான் செய்யும்.

3. மேலும் கீழும்: அதே மேசை நிலை. மேலே தூக்கும்போது லேசாக முஷ்டி மடித்திருக்க வேண்டும். விரலை நீட்டிக்கொண்டு தூக்கினால் விரல் தசை வேலை செய்யும், மணிக்கட்டுத் தசை சும்மா இருக்கும். 5 வினாடி நிறுத்தி, 10 முறை. நாளைக்கு நான்கு வேளை.

4. கும்பிடு: உள்ளங்கைகளைச் சேர்த்து மெதுவாக வயிற்றுப் பக்கம் இறக்குங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதி பிரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி 30 வினாடி, மூன்று முறை.

5. திருப்புதல்: கடையில் சில்லறை வாங்கக் கையை மல்லாத்த முடியாமல் தவிப்பது முன்கை திரும்பாததால்தான். முழங்கையை மடக்கி, அக்குளில் மடித்த துண்டு ஒன்றை இடுக்குங்கள். துண்டு விழுந்தால் தோள் திருட்டுத்தனம் செய்கிறது என்று அர்த்தம். சுத்தியலைத் தலைக்கு அருகில் பிடித்து இரு பக்கமும் மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். பழகப் பழகப் பிடியைக் காம்பின் அடிப்பக்கம் நகர்த்தலாம், பாரம் தானாகக் கூடும்.

இழுவை வலி ஒரு மணி நேரத்தில் அடங்க வேண்டும். மறுநாள் காலை வீங்கியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று எண்ணெய் போட்டு யாரும் முறுக்க விடாதீர்கள்.

எரிச்சலோடு தோல் பளபளத்து நிறம் மாறுவது, கட்டைவிரல் திடீரென எழும்பாமல் போவது, கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப்போவது, கட்டைவிரல் அடிக்குழியில் அமுக்கினால் வலிப்பது: இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். கடைசியாகச் சொன்ன வலிக்கு, முதல் எக்ஸ்ரேயில் தெரியாத சிறு எலும்பு முறிவு காரணமாக இருக்கலாம்.

40 பாகை கிடைத்த பிறகு, வலுவுக்காக அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குதல், பிறகு ஈரத்துண்டு பிழிதல். பிரேக்கை வலியில்லாமல் முழுக்கப் பிடிக்க வரும்வரை டூவீலர் வேண்டாம்.