கேம் விருது வரலாறு எழுதுகையில் சறுக்கும் இடங்கள்

ஈரோட்டுப் பக்கம் ஆனி, ஆடியில் நட்ட மஞ்சள் அடுத்த ஆண்டு தை, மாசியில்தான் சந்தைக்கு வரும். நட்ட ஆண்டா, ஏலம் போன ஆண்டா என்று சொல்லாமல் ‘2023 மஞ்சள்’ என்றால் வியாபாரிக்கு என்ன புரியும்? கோவையில் கேம் டிசைன் படிப்பவர்கள் செமினாருக்கு வீடியோ கேம் விருதுப் பட்டியல் போடும்போதும் இதே குழப்பம்தானுங்க.

பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம் முழுமையாக வெளிவந்தது 2023 ஆகஸ்டில். கோல்டன் ஜாய்ஸ்டிக், தி கேம் அவார்ட்ஸ் என்ற இரண்டு விருது விழாக்களும் அந்த ஆண்டே ‘ஆண்டின் சிறந்த கேம்’ பட்டம் கொடுத்துவிட்டன. டைஸ், கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ், பாஃப்டா என்ற மற்ற மூன்று விழாக்களும் கொடுத்தது 2024இல். இதைப் பார்த்து ‘இரண்டு ஆண்டு தொடர்ந்து வென்றது’ என்று எழுதிவிடாதீங்க. வெளியான தேதிக்கு ஒரு கட்டம், விழாத் தேதிக்கு ஒரு கட்டம் போடுங்க. சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் வந்தது 2018 டிசம்பர் 7. தி கேம் அவார்ட்ஸ் விழா அதற்கு முந்தைய நாளே முடிந்திருந்தது. அதனால் அது 2019 போட்டியில் நின்றது.

அடுத்தது பெயர். 1998இல் இன்டராக்டிவ் அச்சீவ்மென்ட் அவார்ட்ஸ் என்று தொடங்கியதுதான் இன்றைய டைஸ்; இரண்டாக எண்ணக் கூடாது. அமெரிக்காவின் ஸ்பைக் டிவி சேனல் 2003 முதல் 2013 வரை நடத்திய கேம் விருதும், 2014இல் தொடங்கிய தி கேம் அவார்ட்ஸும் அப்படியல்ல. தி கேம் அவார்ட்ஸைத் தொடங்கிய ஜெஃப் கீலி இரண்டிலும் இருந்தாலும் கடை வேறு.

‘முதல் விருது’ என்று 1983இன் கோல்டன் ஜாய்ஸ்டிக்கைச் சொல்வதும் தப்பு. அமெரிக்காவின் ‘வீடியோ’ என்ற இதழ் 1980இலேயே ஆர்க்கேட் அவார்ட்ஸ் அறிவித்துவிட்டது.

சிறந்த கேம் வேறு, சிறந்த வடிவமைப்பு வேறு. 2024 பாஃப்டாவில் சிறந்த கேம் பால்டர்ஸ் கேட் 3; கேம் டிசைன் விருது டேவ் தி டைவருக்கு. யார் ஓட்டுப் போட்டது என்பதையும் குறிக்கணும்: கோல்டன் ஜாய்ஸ்டிக்கில் பெரும்பாலும் ரசிகர்கள், டைஸில் அதை நடத்தும் அகாடமியின் உறுப்பினர்கள், தி கேம் அவார்ட்ஸில் நடுவர்களுக்கு 90 விழுக்காடு, மக்களுக்கு 10.

நம்ம ஆட்கள் அதிகம் கேட்பது இட்லி சமைப்பதில் தொடங்கும் ‘வெண்பா’ என்ற கேம் பற்றி. கனடாவின் டொரொண்டோவில் உள்ள விசை கேம்ஸ் நிறுவனம் செய்தது. 2024இல் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் பெரும்பரிசும், கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ், பாஃப்டா இரண்டிலும் அறிமுகப் படைப்புக்கான விருதும் அதற்குக் கிடைத்தன. முதல் இரண்டும் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாலை வழங்கப்பட்டதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். தி கேம் அவார்ட்ஸில் அதற்குப் பரிந்துரை மட்டும்தான்; அந்த வரியில் ‘வென்றது’ என்று போடாதீங்க.