நடையும் ஓட்டமும் ஒட்டாமல் போவது ஏன்?

கேம் அனிமேஷனில் பாத்திரம் நடக்கிற கிளிப் (அசைவுத் துண்டு) நன்றாக இருக்கும், ஓடுகிற கிளிப்பும் நன்றாக இருக்கும், இரண்டையும் இணைத்ததும் பாத்திரம் தரையில் வழுக்கும். உடனே பலர் பிளெண்ட் நேரத்தை, அதாவது ஒரு கிளிப் மற்றதோடு கலந்து மாறும் நேரத்தை, கூட்டுகிறார்கள். கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில் புது ட்ரான்சிஷனுக்கு (ஒரு கிளிப்பிலிருந்து மற்றதற்கு மாறும் இணைப்புக்கு) 0.25 வினாடி தானாகவே வரும். அதை அரை, முக்கால் என்று இழுப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். நேரம் கூடக்கூட வழுக்கலும் நீளும், பட்டனை அழுத்திய பிறகும் பாத்திரம் சோம்பலாகவே அசையும்.

பிரச்சினை காலில் இருக்கிறது. நடையில் இடது கால் ஊன்றியிருக்கும்போது ஓட்டத்தில் வலது கால் ஊன்றினால், மென்பொருள் இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையை எடுக்கும், அதில் எந்தக் காலும் உருப்படியாக ஊன்றாது. அதனால் இரண்டு கிளிப்பும் இடது பாதம் தரையைத் தொடும் பிரேமில் தொடங்கட்டும், வலது பாதம் இரண்டிலும் சரிபாதியில் தொடட்டும். அன்ரியல் என்ற இன்னொரு கேம் மென்பொருளில் இதற்கென்றே சிங்க் மார்க்கர் (பாதம் தொடும் இடத்தைக் குறிக்கும் அடையாளம்) இருக்கிறது.

அடுத்த பிழை, உடம்பு முழுவதையும் ஒரே பிரேமில் கிளப்புவது. கொழும்பு வெள்ளவத்தை பஸ் தரிப்பில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். 100ஆம் இலக்க பஸ் நகரத் தொடங்கியதும் ஒருவர் ஓடுவார் இல்லையா? முதலில் தலை திரும்பும், அப்புறம் உடல் முன்னால் சாய்ந்து பாரம் ஒரு காலுக்குப் போகும், அதற்குப் பிறகுதான் மற்றக் கால் எழும்பும், பை பிடித்த கை எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும். கையால் கீ வைப்பவர்கள் (முக்கிய நிலைகளைத் தாங்களே குறிப்பவர்கள்) இடுப்பை இரண்டு மூன்று பிரேம் முன்னதாக நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

கிளிப் மாறும்போது கை திடீரென ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சுழற்சிக் கணக்கைப் பாருங்கள். 350 பாகையிலிருந்து 10 பாகைக்குப் போக 20 பாகை போதும், எண்களை அப்படியே பிளெண்ட் செய்தால் 340 பாகை பின்னோக்கிச் சுற்றும். குவாட்டர்னியனில் (சுழற்சியை நான்கு எண்களால் எழுதும் முறை) செய்யுங்கள், அங்கேயும் இரண்டு சுழற்சிகளின் டாட் புரொடக்ட், அதாவது ஒத்த எண்களைப் பெருக்கிக் கூட்டிய தொகை, நெகட்டிவ் என்றால் ஒன்றின் நான்கு எண்களின் குறியையும் மாற்ற வேண்டும்.

பட்டன் அழுத்தியும் தாமதமா? யூனிட்டி ட்ரான்சிஷனில் ஹேஸ் எக்சிட் டைம் (பழைய கிளிப் குறித்த இடம் வரை ஓடும்வரை காத்திருக்க வைக்கும் அமைப்பு) டிக் ஆகியிருக்கும், எடுத்துவிடுங்கள்.

2018 ஜிடிசி என்ற கேம் உருவாக்குநர் மாநாட்டில் டேவிட் போலோ விளக்கிய இனர்ஷியலைசேஷன் எனக்கு மிகவும் பிடித்த வழி. புது கிளிப் உடனே தொடங்கிவிடும், பழைய நிலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மட்டும், பழைய வேகத்தையும் கணக்கில் எடுத்து, மெல்லக் கரையும். ஆனாலும் கால் ஒத்துப்போகாத கிளிப்களை அது காப்பாற்றாது. பாதத்தைத் தரையில் பொருத்தி, அதற்கேற்பக் காலை மடக்கும் ஃபுட் ஐகேயும் அப்படித்தான், முதலிலேயே அதைப் போட்டு மறைக்கப் பார்த்தால் முழங்கால் வெட்டி வெட்டி இழுக்கும். அதைக் கடைசியில் போடுங்கள்.